சப்நெட் தாண்டாத பெயர்கள்

கங்கைகொண்ட சோழபுரம் என்ற ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் எழுதினால் 21 எழுத்துகள் வரும். விண்டோஸ் கணினிகள் உள்ளூர் நெட்வொர்க்கில் ஒன்றையொன்று அழைக்க நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த நெட்பயாஸ் முறையில் ஒரு பெயருக்கு 15 எழுத்துதான் இடம். ஊர்ப்பெயரை முன்னால் போட்டு, கடைசியில் 1, 2, 3 என்று எண் சேர்த்து ஓர் ஆய்வகத்தின் கணினிகளுக்குப் பெயர் வைத்தால், சோழ என்பதில் ழகரத்துக்காக எழுதும் எழுத்தோடு பெயர் வெட்டுப்பட்டுவிடும். புரமும் போகும், எண்ணும் போகும். எல்லாக் கணினிக்கும் ஒரே பெயர் மிஞ்சும். காலையில் முதலில் இயக்கிய கணினி அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ள, மற்றவை இதே பெயர் ஏற்கெனவே உள்ளது என்று முறையிடும். மறுநாள் வேறொரு கணினியை முதலில் இயக்கினால் கோளாறும் இடம் மாறிவிடும்.

எண்ணை முன்னால் வைத்தாலே இது தீர்ந்துவிடும். ஆனால் காரணம் தெரியாதவர் கேபிளை மாற்றுவார், சுவிட்சை மாற்றுவார், கடைசியில் விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார். கம்பி சரியாக இருக்கும்போதே பெயரை முகவரியாக மாற்றித் தரும் வேலை கெட்டுப்போகும் என்பதை நம் பக்கத்துப் பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வேலைக்கு நாம் கைக்கொள்ளும் வழக்கங்கள் எங்கே உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், மீன்சுருட்டி பக்கம் ஒரு நடுத்தர வளாகத்தின் நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். யாரும் வரைபடம் போட்டு அதை வளர்த்திருக்கமாட்டார்கள். முதலில் அலுவலகத்துக்கு ஒரு பிராட்பேண்ட் இணைப்பும் ஒரு ரவுட்டரும் வரும்; முகவரிகள் 192.168.1 என்று தொடங்கும். பிறகு கேமரா பொருத்த வருகிறவர் தன்னோடு ஒரு ரவுட்டர் கொண்டுவந்து 192.168.0 என்று இன்னொரு வரிசையை வைத்துவிட்டுப் போவார். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று மூன்றாவது ரவுட்டர் வரும். இப்படி ஒரே வளாகத்துக்குள் மூன்று தனி முகவரி வரிசை, அதாவது மூன்று சப்நெட் ஆகிவிட்டது. நேற்றுவரை பெயரைச் சொன்னதும் வந்த பிரிண்டர் இன்று மாடியிலிருந்து வராது. "நெட் இருக்கு சார், பிரிண்டர் மட்டும் வரமாட்டேங்குது" என்று போன் வரும்.

நேற்றுவரை வந்தது எப்படி என்று கேட்டால்தான் இன்று வராததன் காரணம் புரியும். தெருவில் நின்று "ராசு இருக்கானா?" என்று கூவினால், அந்தத் தெருவில் ராசு இருந்தால் குரல் கொடுப்பான். கணினிகளும் அப்படித்தான் கேட்டுக்கொள்கின்றன. எம்டிஎன்எஸ் என்ற முறையில், "லேசர்1.லோக்கல் யார்?" என்ற கேள்வி 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டில் போகும். அந்த இணைப்பில் உள்ள எல்லாருக்கும் அது கேட்கும். உரியவர் பதில் சொல்வார். ஆப்பிள் 2002இல் கொண்டுவந்து பின்னர் பான்ஜூர் என்று பெயர் மாற்றிய நுட்பம் இதுதான். லினக்ஸில் அவாஹி இதைச் செய்கிறது. 2013இல் இது ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தரமாக வெளிவந்தது. விண்டோஸில் நெட்பயாஸுக்குப் பின் வந்த எல்எல்எம்என்ஆர் முறையும் இதே பாணிதான், 224.0.0.252, போர்ட் 5355.

இந்த முறையைக் குறைசொல்வதற்கு முன் இதன் அருமையைச் சொல்லியாக வேண்டும். சர்வர் வேண்டாம். நிர்வாகி வேண்டாம். பிரிண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகினால் அது தன் பெயரைத் தானே அறிவித்துக்கொள்ளும். கணினி ஆள் என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைக்க முடியாத கிராமத்து நூலகத்துக்கும் ஒற்றை டாக்டர் கிளினிக்குக்கும் இது பெரிய வரம். தமிழுக்கும் இதில் ஒரு வசதி உண்டு. இணையத்தில் பெயரை முகவரியாக மாற்றித் தரும் வழக்கமான டிஎன்எஸ்ஸில் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் போன்ற பெயர்கள் ஆங்கில எழுத்துக் குறியீடாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கின்றன. எம்டிஎன்எஸ் யூனிகோடை நேராகவே ஏற்கிறது. பெயரின் ஒவ்வொரு பகுதிக்கும் 63 பைட் வரை இடம் உண்டு. கங்கைகொண்டசோழபுரம் என்று சேர்த்து எழுதினால் யூனிகோடில் 18 குறியீடுகள், குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 54 பைட். நெட்பயாஸில் வெட்டுப்பட்ட ஊர்ப்பெயர் இங்கே தமிழிலேயே முழுதாக அடங்குகிறது. கருவிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க நினைக்கும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இனிக் குறைக்கு வருவோம். 224.0.0 என்று தொடங்கும் அந்த முகவரி வரிசை, எந்த ரவுட்டரும் கடத்தக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட வரிசை. கேள்வி ரவுட்டரின் வாசலிலேயே நின்றுவிடும். ஏதாவது தந்திரம் செய்து பதிலை மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வரவழைத்தாலும், வேறு இணைப்பிலிருந்து வரும் பதிலை ஏற்கக்கூடாது என்று தரமே சொல்கிறது. நம் வளாகத்தின் மாடிக் கணினியில் பிங் கட்டளையோடு லேசர்1.லோக்கல் என்று அடித்துவிட்டு, நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் வரிவரியாகக் காட்டும் வயர்ஷார்க்கைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். 5353இல் கேள்வி போகும். சற்று இடைவெளி விட்டு மறுபடி போகும். இன்னும் கொஞ்சம் பொறுத்து மூன்றாவது முறை. பதில் என்று ஒரு வரிகூட வராது. கீழே அலுவலகக் கணினியில் அதே கட்டளையை அடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரிண்டரின் முகவரியோடு பதில் வந்து நிற்கும். இரண்டு திரையையும் அடுத்தடுத்துப் பார்த்தவர் அதன்பிறகு கேபிளைத் தொடமாட்டார்.

குரல் தெருவுக்குள் நிற்பதுபோல் வடிவமைத்ததற்குக் காரணம் இருக்கிறது. யார் கேட்டாலும் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற ஏற்பாட்டில் பொய்ப்பதிலும் வரலாம். எல்எல்எம்என்ஆரில் பொய்யாகப் பதில் சொல்லி, விண்டோஸ் கணினி தானாக அனுப்பும் கடவுச்சொல் தடயத்தைப் பறிக்கும் கருவிகள் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் எல்எல்எம்என்ஆரை அணைத்துவைக்கின்றன. அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகள் போன்ற தொழிற்சாலைகளில் சூளையை இயக்கும் கட்டுப்பாட்டு நெட்வொர்க்கும் அலுவலக நெட்வொர்க்கும் பிரிந்திருப்பது பாதுகாப்புக்கு அவசியம். அங்கே பெயர் தாண்டாமல் இருப்பதே நல்லது. பள்ளியின் பிரிண்டருக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. எந்தப் பிரிவைத் தெரிந்தே பிரித்தோம், எது தற்செயலாகப் பிரிந்தது என்று கேட்காமல் வைத்தியம் தொடங்குவதுதான் முதல் பிழை.

நடைமுறையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கைக்கு எட்டும் வைத்தியம் சப்நெட்டைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போடுவது. உடனே வேலை செய்யும். ஆனால் கேமராக்கள், விடுதி மாணவர்களின் கைபேசிகள், கணக்குப்பிரிவின் கணினி எல்லாம் ஒரே தெருவில் குடியேறிவிடும். ஏழெட்டுக் கணினி உள்ள இடத்தில் இதைத் தவறென்று சொல்லமாட்டேன். விடுதியும் கணக்குப்பிரிவும் உள்ள வளாகத்தில் தவறுதான்.

அடுத்தது ஹோஸ்ட்ஸ் கோப்பு. பெயரையும் முகவரியையும் ஒரு வரியில் எழுதி ஒவ்வொரு கணினியிலும் வைப்பது. நம்மவர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது: சர்வர் செத்தாலும் இது சாகாது, எந்தச் சப்நெட்டிலிருந்தும் வேலை செய்யும். ஒரு காலத்தில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் முழுவதும் இப்படித்தான் ஓடியது. அமெரிக்காவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான தகவல் மையம் ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் பட்டியலைப் பராமரித்தது. மற்ற இடங்களில் இருந்தவர்கள் அதை நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் நகலுக்கும் மூலத்துக்கும் பொருத்தம் கெட்டது. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்ததற்கு அந்த நெருக்கடிதான் காரணம். உலகம் அன்றே கடந்துவந்த இடத்தில் நம் வளாகங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. ஹோஸ்ட்ஸ் கோப்பின் ஆபத்து அது வேலை செய்யாமல் போவதில் இல்லை, தவறாக வேலை செய்வதில் இருக்கிறது. பிரிண்டரின் முகவரி மாறி, பழைய முகவரி வேறொரு கணினிக்குப் போய்விட்டால், பெயர் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் அந்நியக் கணினியின் கதவைத் தட்டும். எழுதிவைத்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். அப்படி ஒரு வரி அங்கே இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது வழி, கூவும் குரலைச் சுவர் தாண்டி எதிரொலிக்கச் செய்வது. அவாஹியின் ரிஃப்ளெக்டர் இதைச் செய்கிறது. பெரிய நிறுவனங்களின் வைஃபை கருவிகளிலும் இந்த வசதி வருகிறது. இதற்குப் பின்னால் ஒரு போராட்டக் கதை உண்டு. 2012இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நெட்வொர்க் நிர்வாகிகள் எஜுகாஸ் அமைப்பின் வழியாக ஆப்பிளுக்கு மனு கொடுத்தார்கள். வகுப்பறையின் ஆப்பிள் டிவி ஒரு சப்நெட்டிலும் ஆசிரியரின் ஐபேட் இன்னொன்றிலும் இருந்தால் ஒன்றுக்கொன்று தெரியவில்லை என்பது அவர்கள் புகார். அதைத் தொடர்ந்துதான் இணையத் தர அமைப்பில் ஒரு பணிக்குழு உருவானது. 2015இல் தேவைகளை வரையறுத்த ஆர்எஃப்சி 7558 வந்தது, 2020இல் டிஸ்கவரி பிராக்சி என்ற தீர்வு ஆர்எஃப்சி 8766 ஆக வந்தது. ரிஃப்ளெக்டர் எல்லாக் குரலையும் எல்லாத் தெருவுக்கும் கொண்டுபோவதால், கருவி பெருகப் பெருக வைஃபை இரைச்சலில் திணறும். வளாகத்தின் ஒரே ஒரு புரொஜெக்டருக்காக அதை இயக்கினால் அந்தச் சேவை ஒன்றை மட்டும் வடிகட்டிக் கடத்த வேண்டும். அப்படிப் பயன்படுத்தினால் அது பயனுள்ள கருவி.

என் தெளிவான தீர்ப்பு என்னவென்றால், சப்நெட் இரண்டு என்று ஆனவுடனே வளாகத்துக்குச் சொந்தமாக ஒரு டிஎன்எஸ் வேண்டும். மறுப்பவர்களின் வாதத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு பழைய கணினியில் டிஎன்எஸ் ஓடும், கரன்ட் போனால் வளாகம் முழுக்க நெட் போய்விடும், எங்களைத்தான் திட்டுவார்கள்" என்பார்கள். நியாயமான பயம். யுபிஎஸ் இல்லாத மூலைக் கணினியில் வைத்தால் அப்படித்தான் ஆகும். அதனால் நடுவில் உள்ள ரவுட்டரிலேயே அதை வைக்க வேண்டும். சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருள் ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர்களில் ஏற்கெனவே இருக்கிறது. முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையையும் அதுவே செய்வதால், முகவரி வாங்கும் கருவியின் பெயர் தானாகப் பதிவாகிவிடும். ரவுட்டர் செத்தால் எப்படியும் சப்நெட் தாண்ட முடியாது. பெயர்ச் சேவையும் அங்கேயே இருந்தால் புதிதாக ஒரு பலவீனம் சேர்வதில்லை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று சப்நெட்டும் அந்த ஒரே ரவுட்டரிலிருந்து கிளைக்க வேண்டும். ரவுட்டருக்குள் ரவுட்டர் செருகி முகவரி மாற்றும் அடுக்கு இருந்தால், உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வெளியே இருப்பவர் உள்ளே வரமுடியாது. அங்கே பெயரைத் திருத்தி ஒரு பயனும் இல்லை.

டிஎன்எஸ் வைத்தும் பெயர் வரவில்லை என்ற புகார்தான் இதில் வளமான பகுதி. அங்கே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 8.8.8.8. உள்ளூர் டிஎன்எஸ்ஸை முதலாவதாகவும், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கூகுளின் 8.8.8.8ஐ இரண்டாவதாகவும் கொடுப்பது நம் ஊரில் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. முதலாமவருக்குத் தெரியாவிட்டால் இரண்டாமவரைக் கேட்கும் என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். கணினி அப்படி நினைப்பதில்லை. முதலாமவர் ஒரு கணம் பதில் தரத் தாமதித்தால் இரண்டாமவரிடம் போகும். கூகுளுக்கு நம் பிரிண்டரைத் தெரியாது. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று திட்டவட்டமாகச் சொல்லும். கணினிக்கு அதுவே இறுதித் தீர்ப்பு, அதைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் வந்த பெயர் மதியம் வராது, ஒரு கணினியில் வரும் அடுத்ததில் வராது, அணைத்துப்போட்டால் வரும். இப்படிக் கண்ணாமூச்சி ஆடும் கோளாறைக் கண்டால் முதலில் இரண்டாவது டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். வெளியுலகப் பெயர்களைக் கேட்க உள்ளூர் டிஎன்எஸ்ஸே கூகுளிடம் போகட்டும். கணினிகளுக்கு உள்ளூர் முகவரி ஒன்றே போதும். கைபேசியில் தனியார் டிஎன்எஸ் என்ற அமைப்பு இயங்கினாலும், உலாவி டிஎன்எஸ்ஸை மறையாக்கி வெளியே அனுப்பினாலும் இதே விளைவுதான்.

பெயரின் வால் இன்னொரு பொறி. மைக்ரோசாஃப்ட்டின் சிறு அலுவலக சர்வர்கள் ஒரு காலத்தில் '.லோக்கல்' என்ற வாலையே இயல்பாகக் கொடுத்தன. அதே வால் எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே டெபியன் வழிவந்த பல லினக்ஸ் கணினிகள் '.லோக்கல்' என்று முடிவதைக் கண்டால் டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே கூவிப் பார்த்துவிட்டு, இல்லை என்று திரும்பிவிடும். தமிழ்நாட்டில் இது ஏட்டுச் சிக்கல் இல்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அது டெபியன் வழி வந்ததுதான். இரண்டு அமைப்பும் கலந்து ஓடும் வளாகத்தில் விண்டோஸில் வந்த பெயர் லினக்ஸில் வராவிட்டால் பழி லினக்ஸ் மேல் விழும். பிழை பெயர் வைத்தவருடையது. வீட்டு நெட்வொர்க்குக்கு 2018இல் 'ஹோம்.ஆர்ப்பா' ஒதுக்கப்பட்டது, தனியார் பயனுக்கு 2024இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு '.இன்டர்னல்' என்பதை ஒதுக்கியது. நிறுவனத்துக்குச் சொந்தப் பெயர் பதிவாகியிருந்தால் அதன் கீழ் ஒரு கிளையை வைத்துக்கொள்வதே எல்லாவற்றிலும் நல்லது.

சோதிக்கும் கருவியும் குழப்பும். என்எஸ்லுக்அப் டிஎன்எஸ்ஸை மட்டும் கேட்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பையோ கூவும் முறையையோ தொடாது. பிங் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கும். ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் முரண்பாடு என்று மலைக்க வேண்டாம். எந்த வழி பதில் சொன்னது என்பதற்கு அதுவே சாட்சி. பிங் போட்டால் பெயருக்குச் சரியான முகவரி காட்டிவிட்டு, பதில் மட்டும் வராமல் நிற்பதும் உண்டு. விண்டோஸ் ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கும் பிங்குக்கும் உள்ள இயல்பு விதிகள், டொமைனில் சேராத கணினிகளில், சொந்தச் சப்நெட்டிலிருந்து வருபவரை மட்டுமே அனுமதிக்கும். பெயர் தன் வேலையை முடித்துவிட்டது, தடுப்பது ஃபயர்வால். எனவே முகவரியை நேராக அடித்துப் பார்க்காமல் பெயர்க் கோளாறு என்று யாரும் முடிவு கட்டக்கூடாது.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் பாரத்நெட் வழியாகக் கண்ணாடி இழையைக் கொண்டுசேர்க்கும் பணி டான்ஃபினெட் நிறுவனத்திடம் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் 201 ஊராட்சிகள், பெரம்பலூரில் 121. இழை வந்து சேரும் ஊரில் ஊராட்சி அலுவலகம், பள்ளி, நூலகம், துணை சுகாதார நிலையம் என்று இணைப்புகள் பெருகும், சப்நெட்டுகளும் பெருகும். வரும் முன்னரே பெயர் வைக்கும் ஒழுங்கையும், பெயரைக் காக்கும் ரவுட்டரையும் தீர்மானித்தால் செலவு அதிகமில்லை. வந்தபின் செய்தால் ஒவ்வொரு கணினியாகத் தேடிப் போக வேண்டும்.

ஏற்கெனவே ஓடும் வளாகங்களில் மாற்றத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ரவுட்டரில் டிஎன்எஸ். பிரிண்டருக்கும் சர்வருக்கும் நிலையான முகவரி ஒதுக்கீடு. பிறகு டிஎச்சிபியிலிருந்து 8.8.8.8ஐ நீக்குவது, கடைசியாக ஒவ்வொரு கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் திறந்து பழைய வரிகளை அழிப்பது. எல்லாரும் தள்ளிப்போடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். அதை முடிக்காதவரை புதிய டிஎன்எஸ் சரியாக இருக்கிறதா என்று பிங்கை வைத்துச் சோதிக்கவே முடியாது. அது பழைய வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கும்.